பச்சையும் பச்சைப் புண்ணும்

பெங்களூரின் ஹலசூருப் பகுதியில் காலை வேளையில் காய்கறி வாங்கச் செல்பவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருக்கக் கூடும். கீரை விற்கும் மூதாட்டியின் முன்கையில் நீலம் பாய்ந்த பழைய கோலம் ஒன்று மங்கலாகத் தெரியும். அவரிடம் கீரைக்கட்டை வாங்க நீளும் இளைஞனின் கையிலோ, கறுகறுவென்று புதிய எழுத்துகள் பளிச்சிடும். முன்னதைப் பச்சை என்கிறோம். பின்னதை டாட்டூ என்கிறோம். அருகில் நிற்கும் கன்னட அன்பரைக் கேட்டால், இரண்டையும் ஹச்செ என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவார்.

இச்சொல் நமக்கு அந்நியமானதன்று. தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல, கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்குகின்றன. பால் என்பது ஹாலு ஆகிறது. பல் என்பது ஹல்லு ஆகிறது. அவ்வாறே பச்சையும் ஹச்செ ஆயிற்று. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தகைய உறவுகளைக் காண்பதில் தனி மகிழ்ச்சி உண்டு. ஆயினும், இங்கே நாம் கூற வந்தது சொல்லாராய்ச்சி அன்று. பச்சை குத்திக்கொள்வது நன்றா, தீதா என்ற வழக்கும் அன்று. குத்திக்கொண்ட ஒருவர் அதனை முதல் மாதத்திலும், பின்னர் ஆயுள் முழுவதிலும் எவ்வாறு பேணுவது என்பதே நமது பொருள்.

பச்சை என்ற சொல்லுக்கு நம் மொழியில் நிறம் என்பது மட்டுமே பொருளன்று. ஆறாத புண்ணைப் பச்சைப் புண் என்கிறோம். பிரசவித்துச் சில நாளே ஆன தாயைப் பச்சை உடம்புக்காரி என்கிறோம். இன்னும் பக்குவப்படாதது, பாதுகாப்பு வேண்டுவது என்ற கருத்து அதில் அடங்கியிருக்கிறது. புதிதாகக் குத்திய பச்சையும் முதலில் ஒரு பச்சைப் புண்ணே. பிறகுதான் அது ஓவியம். இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், நாம் கூறப்போகும் விதிகள் யாவும் தாமாகவே விளங்கிவிடும்.

மை தங்கும் இடம்

நமது தோல் முக்கியமாக இரண்டு அடுக்குகளைக் கொண்டது. மேலே இருப்பது மேல்தோல். அதன் கீழே இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த அடித்தோல். மேல்தோலின் அணுக்கள் ஏறக்குறைய நான்கு வாரங்களில் உதிர்ந்து புதியவை வந்துவிடுகின்றன. மருதாணிச் சிவப்பு சில வாரங்களில் மறைவதற்குக் காரணம் இதுவே. ஆதலால் நிலைத்த கோலம் வேண்டுமென்றால், மை மேல்தோலைக் கடந்து, ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள அடித்தோலைச் சேர வேண்டும். 1891இல் நியூயார்க்கில் சாமுவேல் ஓரெய்லி என்பவர் உரிமம் பெற்ற மின்சாரப் பச்சைக் கருவி, எடிசனின் மின் எழுதுகோலை அடிப்படையாகக் கொண்டது. அவ்வழி வந்த இன்றைய கருவிகள் மிக விரைவாக ஊசியை ஏற்றி இறக்குகின்றன. உள்ளங்கையளவு படம் ஒன்றுக்கு எத்தனை ஆயிரம் துளைகள் விழும் என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

உள்ளே சென்ற மையை உடல் ஓர் அந்நியப் பொருளாகவே கருதுகிறது. அதை விழுங்கி அகற்றுவதற்குச் சில காவல் அணுக்கள் விரைகின்றன. சிறிய துகள்களில் ஒரு பகுதி நிணநீர் வழியே சென்று, அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களில் தங்குகிறது. பெரிய துகள்களை விழுங்கிய அணுக்களோ, அவற்றைச் செரிக்கவும் முடியாமல், வெளியேற்றவும் முடியாமல் அங்கேயே நின்றுவிடுகின்றன. பிரான்சில் மார்செய் நகர ஆராய்ச்சியாளர்கள் எலிகளைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதனை மேலும் விளக்கியது. மையை ஏந்திய அணு இறக்கும்போது மை வெளிப்படுகிறது. உடனே புதிய அணு ஒன்று வந்து அதை ஏற்றுக்கொள்கிறது. இவ்வாறு காவல் மாறிக்கொண்டே இருப்பதால்தான் கோலம் நிலைக்கிறது. நாம் நினைப்பதுபோல அது கல்வெட்டு அன்று. உயிருள்ள உடல் ஓயாமல் தாங்கிக்கொண்டிருக்கும் ஒரு சுமை.

கரியால் குத்தியது ஏன் நீலமாகவும் பச்சையாகவும் தோன்றுகிறது என்று சிலர் வினவுவர். கரி தோலுக்கு அடியில் இருக்கிறது. மேலுள்ள தோல் ஒளியைச் சிதறச் செய்வதால், கறுப்பு நமது கண்ணுக்கு நீலம் கலந்ததாகத் தெரிகிறது. நம் முன்னோர் கரியைக் குத்திவிட்டு, அதற்குப் பச்சை என்று பெயரிட்டது கண் கண்ட உண்மையையே.

பாட்டியார் காலத்து முறை

தமிழகத்திலும் கன்னட நாட்டிலும் பச்சை குத்தும் தொழிலைப் பெரும்பாலும் குறவர் இனப் பெண்களே செய்துவந்தனர். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகள் பற்றி 1909இல் வெளிவந்த தமது ஏழு தொகுதி நூலில் இம்முறையை விவரித்திருக்கிறார். மஞ்சள்தூளையும் அகத்திக் கீரையையும் அரைத்துத் துணியில் வைத்துத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே புதிய மண் சட்டியைக் கவிழ்த்து, அதில் படியும் கரியைச் சேர்த்து, தாய்ப்பாலிலோ நீரிலோ குழைப்பார்கள். சேர்த்துக் கட்டிய ஊசிகளால் குத்தி முடித்த பின் அந்த இடத்தைக் கழுவி, வீக்கம் வராமலிருக்க மஞ்சளைப் பூசுவார்கள்.

இதில் அறிவுக்கு உகந்த அம்சங்கள் உண்டு. புதிய சட்டி, அப்பொழுதே எரித்தெடுத்த கரி, குத்தியவுடன் கழுவுதல் ஆகிய யாவும் தூய்மையை நாடியவை. பச்சை குத்தியவளே பேணும் முறையையும் சொல்லிவிட்டுச் சென்றாள் என்பதும் கவனிக்கத்தக்கது. ஆனால் ஒரே ஊசி பல கைகளில் ஏறியதும், காய்ச்சாத பாலும் நீரும் புண்ணுக்குள் சென்றதும் அக்காலத்து அறியாமையின் விளைவுகள். ஊசி வழியே மஞ்சட்காமாலைக் கிருமிகள் பரவும் என்பதை அன்று யாரும் அறிந்திருக்கவில்லை. பழமையிலிருந்து நாம் கொள்ள வேண்டியது அதன் அக்கறையை. தள்ள வேண்டியது அதன் ஊசியையும் குழம்பையும்.

முதல் நாள்

குத்தி முடித்தவர் அந்த இடத்தைத் துடைத்து, மெல்லிய களிம்பு தடவி, மேலே ஒரு கட்டோ படலமோ ஒட்டி அனுப்புவார். அதை எத்தனை மணி நேரம் வைத்திருக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். சாதாரணக் கட்டு சில மணி நேரத்தில் எடுக்கப்படுவது. மருத்துவப் படலமாயின் சில நாள் இருக்கலாம். இரண்டையும் ஒன்றென்று கருதலாகாது.

கட்டைப் பிரிக்குமுன் கைகளைச் சோப்பிட்டு நன்றாகக் கழுவ வேண்டும். பேணும் முறைகளில் முதலும் முக்கியமுமான விதி இதுவே. பிறகு குழாய் நீரை மெல்ல ஊற்றி, மணமற்ற மிதமான சோப்பைக் கொண்டு விரல்நுனியால் கழுவலாம். நார், பஞ்சு, சொரசொரப்பான துணி எதுவும் கூடாது. கசியும் நீரில் மையும் சிறிது கலந்து வருவது இயல்பு; அதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. கழுவிய பின் தூய துணியாலோ காகிதக் கைக்குட்டையாலோ ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. நன்கு உலர்ந்த பின், மருத்துவரோ குத்தியவரோ கூறிய மணமற்ற களிம்பை மிக மெல்லியதாகத் தடவலாம். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவதைப்போல ஒரு பூச்சுப் போதும். அதிகம் பூசினால் ஆறுதல் விரைவுபடும் என்பது தவறு. காற்றோட்டம் குறைந்து, தோல் ஊறி, கிருமிகளுக்கு அது விருந்தாகிவிடும்.

முதல் மாதம்

முதல் இரண்டு மூன்று நாட்கள் அந்த இடம் சிவந்து, சற்றே வீங்கி, வெயிலில் காய்ந்த தோலைப்போல எரியும். நான்காம் நாளை ஒட்டி மெல்லிய பொருக்குகள் தோன்றி உரியத் தொடங்கும். உரியும் துணுக்குகளில் மை ஒட்டியிருப்பதைக் கண்டு, ஓவியமே கழன்று போகிறதென்று பலர் கலங்குவதுண்டு. அது மேல்தோலில் தங்கிய மிகுதி மையே. ஆயினும் பொருக்கை நகத்தால் பெயர்த்தால், அதனுடன் அடித்தோலின் மையும் வந்துவிடும். அங்கே வெண்மையான ஓட்டையோ தழும்போ நிலைத்துவிடும்.

இக்காலத்தில் அரிப்பு மிகும். சொறியலாகாது. உள்ளங்கையால் இலேசாகத் தட்டலாம். தூய துணியில் சுற்றிய குளிர்ந்த பொருளை அருகில் வைக்கலாம். நாளுக்கு இரண்டு முறை கழுவி, உலர்த்தி, மெல்லியதாகக் களிம்பிடுவது போதுமானது. செம்பால் மொண்டு ஊற்றிக் குளிப்பதில் தடையில்லை. ஆனால் நீச்சற்குளம், ஏரி, ஆறு, கடல் ஆகியவற்றில் இறங்குவதை மூன்று நான்கு வாரங்கள் தவிர்க்க வேண்டும். இறுக்கமான ஆடையை விடுத்துத் தளர்ந்த பருத்தியாடையை உடுத்த வேண்டும். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் அடிக்கடி மாற்ற வேண்டும். ஒற்றை அறையில் நால்வர் ஐவராகத் தங்கியிருக்கும் நம் இளைஞர்கள், ஒருவர் துண்டை மற்றவர் எடுப்பது வழக்கம். இந்த ஒரு மாதத்துக்கேனும் துண்டு தனியாக இருக்கட்டும்.

மேற்பரப்பு இரண்டு மூன்று வாரங்களில் மூடிக்கொள்ளும். அதன்பின் சில நாள் ஓவியம் பால் படிந்ததுபோல மங்கித் தோன்றலாம். புதிய மேல்தோல் முதிர்ந்ததும் தெளிவுறும். உள்ளே உள்ள புண் முற்றிலும் ஆறுவதற்கு இரண்டு மாதங்களும் அதற்கு மேலும் ஆகும். எனவே மங்கிய இடங்களைத் திருத்திக் குத்த வேண்டுமாயினும், அதுவரை பொறுத்திருப்பதே முறை.

ஒரு புள்ளியின் கதை

நமது குடியிருப்புக்கு அருகே திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர் வசிக்கிறார். ஊரில் தாய் காலமானபோது இவர் இரவுப் பணியில் இருந்தார். செய்தியறிந்து பேருந்தேறிச் சென்று சேர்வதற்குள் காரியம் முடிந்துவிட்டது. ஓராண்டு நிறைந்த நாளில், இவர் தமது இடது முன்கையில் ‘அம்மா’ என்ற மூன்றெழுத்தைக் குத்திக்கொண்டார். குத்தியவர் தூய்மையான கருவிகளையே கையாண்டார். பிழை அங்கே நேரவில்லை, வீட்டில் நேர்ந்தது.

நான்காம் நாள் அரிப்பு மிகவே, உடன் வசித்த நண்பர் ஒருவர் நல்லெண்ணத்துடன் கடையில் வாங்கிய மஞ்சள்தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துக் கனமாகப் பூசினார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நண்பர்களுடன் நீச்சற்குளத்துக்கும் சென்று வந்தார். ஆறாம் நாள் கை சூடேறிச் சிவந்து வீங்கியது; இரவில் குளிர்காய்ச்சல் கண்டது. அப்பொழுதும் அவர் மருத்துவரிடம் செல்லத் தயங்கினார். காரணம் கேட்டபோது, “எனக்குக் கன்னடம் சரியாக வராதுங்க ஐயா. டாக்டர்கிட்ட என்னன்னு சொல்றது?” என்றார். அந்த விடை நம்மை வருத்தியது. நாமே உடன் சென்றோம். மருத்துவர் சீழை அகற்றி, கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தார். பத்து நாளில் புண் ஆறிற்று. ஆனால் நடுவெழுத்தின் மேலிருந்த புள்ளி போய்விட்டது. மகரமெய் மகரமாகி, சொல் ‘அமமா’ என்று நின்றது. அவர் அதைப் பார்த்துப் பார்த்து வருந்தியதை நாம் அறிவோம்.

இதிலிருந்து நேயர்கள் கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, சமையலறைப் பொருள்களைப் பச்சைப் புண்ணில் இடலாகாது. மஞ்சளுக்கு நற்குணங்கள் உண்டு. எனினும் கடைத்தூள் கிருமி நீக்கப்பட்ட மருந்தன்று. எண்ணெய், சாம்பல், காப்பித்தூள், பற்பசை யாவற்றுக்கும் இது பொருந்தும். இரண்டாவது, அபாயக் குறிகளை அறிந்திருத்தல். மூன்று நாளுக்குப் பின் குறைய வேண்டிய சிவப்பும் வலியும் கூடிக்கொண்டே போதல், சிவப்பு படத்தின் எல்லையைத் தாண்டிப் பரவுதல், சிவந்த கோடுகள் மேனோக்கி ஓடுதல், சீழ், துர்நாற்றம், காய்ச்சல், குளிர் நடுக்கம் ஆகியவற்றில் எது காணினும் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். நீரிழிவு உடையவர்களுக்குப் புண் தாமதித்தே ஆறும்; அவர்கள் குத்திக்கொள்ளுமுன்னரே மருத்துவரைக் கலந்துகொள்வது நலம். தழும்பு மேடாகத் தடித்து வளரும் இயல்புள்ளவர்களும் அவ்வாறே செய்ய வேண்டும்.

பெங்களூரில் சிவாஜிநகரிலுள்ள போரிங் மருத்துவமனை, நகரச் சந்தைக்கு அருகிலுள்ள விக்டோரியா மருத்துவமனை ஆகிய அரசு மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. அங்கே தமிழறிந்தோரும் பலர் இருப்பர். இல்லையெனினும், ஐந்து சொற்கள் கைவசம் இருந்தால் போதும். புண்ணுக்கு ஹுண்ணு, சீழுக்குக் கீவு, வீக்கத்துக்கு ஊத, அரிப்புக்குத் துரிகெ, காய்ச்சலுக்கு ஜ்வர. பச்சை ஹச்செ ஆனதுபோலவே புண் ஹுண்ணு ஆகியிருப்பதைக் காணலாம். அண்டை மொழி அத்தனை தொலைவில் இல்லை. மொழிக்கு அஞ்சி நோயை மறைப்பவர்கள் இதனைக் கருத வேண்டும்.

மையும் ஊசியும்

வீட்டில் எவ்வளவு பேணினும், மையும் ஊசியும் தூயனவாக இல்லாவிடில் பயனில்லை. 2011இன் இறுதியில், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் பிடிவாதமான தொற்று ஏற்பட்டது. ஆராய்ந்தபோது, தயாரிப்பிலேயே நீர் சேர்த்து நேர்ப்பிக்கப்பட்டு வந்த சாம்பல்நிற மையில் ஒரு வகைக் கிருமி இருந்தது தெரியவந்தது. இத்தகைய தொற்று உடனே தோன்றாமல் ஓரிரு வாரம் கழித்துச் சிறு சிவப்புப் பருக்களாக வெளிப்படும். ஆகவே முதல் வாரம் நலமாகக் கழிந்தது என்று அசட்டையாக இருக்கலாகாது. சிவப்பு மையினால் ஏற்படும் ஒவ்வாமை மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் தோன்றுவதுண்டு.

கர்நாடகத்திலும் இது பற்றிய விழிப்பு எழுந்துள்ளது. பச்சை மைகளைச் சோதித்ததில் 22 உலோகங்கள் காணப்பட்டன என்றும், இத்தொழிலுக்கு ஒழுங்குமுறை வேண்டும் என்றும் மாநிலச் சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டு ராவ் 2025இன் தொடக்கத்தில் அறிவித்தார். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் பச்சை மைகளில் ஆயிரக்கணக்கான இரசாயனப் பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்துள்ளது. சட்டம் வரும்வரை நம்மை நாமே காத்துக்கொள்ளலாம். ஊசி உறையை நம் கண்முன் பிரிக்கிறார்களா, மையைத் தனிச் சிறு கிண்ணத்தில் ஊற்றி எஞ்சியதைக் கொட்டுகிறார்களா, அதில் குழாய் நீரைக் கலக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். திருவிழாக்கடைகளில் ஒரே ஊசியால் வரிசையாகக் குத்துவோரிடம் கையை நீட்டலாகாது. பி வகை மஞ்சட்காமாலைக்குத் தடுப்பூசி உண்டு. சி வகைக்கு இல்லை. இந்த ஆபத்தைக் கருதியே, பச்சை குத்திக்கொண்டவரிடம் ஓராண்டு வரை இரத்ததானம் பெறுவதில்லை.

குளிர்ந்த ஊரின் வெயில்

சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் பெங்களூரின் வெயிலை ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை. இது பெரும் மயக்கம். உடல் உணர்வது வெப்பத்தை. ஓவியத்தை வெளிறச் செய்வதோ கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். பெங்களூர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், வடக்கே 13 பாகை அட்சத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு இரு முறை, ஏப்ரலின் கடைசி வாரத்திலும் ஆகஸ்டின் நடுவிலும், நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நின்று நிழலே விழாத நாள் இங்கே உண்டு. உயரம் கூடக்கூட இக்கதிர்களின் வலிவும் கூடுகிறது. தென்றல் வீசும் தெருவில் வியர்வையின்றி நடக்கும்போதும், கையிலுள்ள மை வெளிறிக்கொண்டுதான் இருக்கிறது.

புண் ஆறும்வரை சன்ஸ்கிரீன் களிம்பைப் பூசக்கூடாது. துணியால் மறைப்பதே தக்கது. ஆறிய பின் வெளியே செல்லும்போதெல்லாம், எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட களிம்பைத் தடவுவது நன்று. இருசக்கர வண்டியில் செல்பவர்கள் முழுக்கைச் சட்டை அணிந்தால், அதுவே சிக்கனமான காப்பு.

ஆண்டுகள் செல்லும்போது

ஆல்ப்ஸ் மலையின் பனியில் 1991இல் கண்டெடுக்கப்பட்ட, 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதனின் உடலில் கரியாலான 61 குறிகள் இன்றும் காணப்படுகின்றன. மை அத்தனை நீடித்து நிற்பது. ஆனால் உயிருள்ள தோல் மாறுகிறது. மெலிகிறது, தளர்கிறது, உலர்கிறது. காவல் மாறும்போதெல்லாம் மை சிறிது நகரவும் செய்கிறது. அதனால் மயிரிழை போன்ற கோடு பத்து இருபது ஆண்டுகளில் தடிக்கிறது; அருகருகே உள்ள கோடுகள் ஒன்றோடொன்று கலக்கின்றன. நம் பாட்டியாரின் கையிலிருந்த கோலத்தில் புள்ளிகள் எத்தனை என்று சிறுவயதில் நாம் எண்ணியதுண்டு. அவரது முதுமையில் எண்ணிப் பார்த்தபோது கணக்கு ஒத்து வரவில்லை. சிவப்பு, மஞ்சள் முதலிய வெளிர் நிறங்களைவிடக் கறுப்பே நீண்ட நாள் நிற்கும். விரல், உள்ளங்கை, பாதம் போன்று ஓயாமல் உராயும் இடங்களில் விரைவில் மங்கும்.

தமிழ் எழுத்துகளைக் குத்திக்கொள்வோர் இதனைச் சிறப்பாகக் கருத வேண்டும். நமது எழுத்துகள் சுழிகளும் புள்ளிகளும் நிறைந்தவை. சிறிய அளவில் குத்தினால், நாளடைவில் சுழிகள் அடைத்துக்கொண்டு, மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் வேறுபாடின்றிப் போகும். புள்ளி எழுத்தோடு ஒட்டினால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். ஆகவே எழுத்து பெரியதாகவும், சுழியின் உள்வெளி அகன்றதாகவும், புள்ளி சற்றே விலகியதாகவும் இருக்க வேண்டும். தமிழறியாத கலைஞரிடம் செல்லும்போது, கொம்பும் காலும் இடம் மாறாத தெளிவான படியைத் தாளில் எடுத்துச் சென்று, தோலில் வரைந்த மாதிரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்த பின்னரே ஊசிக்கு இசைய வேண்டும். அச்சுப்பிழையைத் திருத்தி வாழும் நாம் இதனை வற்புறுத்துகிறோம். தாளில் நேரும் பிழைக்குத் திருத்தம் வெளியிடலாம். தோலில் நேரும் பிழைக்கு அது எளிதன்று.

லேசர் ஒளியால் அகற்ற இயலும் என்பது உண்மையே. அது மைத்துகள்களைச் சிதறடிக்க, உடல் அவற்றைச் சிறிது சிறிதாக அகற்றுகிறது. ஆனால் பல வார இடைவெளியுடன் பல அமர்வுகள் வேண்டும். பணமும் வலியும் மிகுதி. சுவடே இன்றி மறையும் என்ற உறுதியும் இல்லை. நம் போன்ற மாநிறத் தோலில் நிறத்திட்டுகள் விழாமல் செய்வதற்கு, பயிற்சி பெற்ற தோல் மருத்துவரே தேவை. மச்சத்தின் மேல் குத்துவதையும் தவிர்க்க வேண்டும். மச்சத்தின் நிறமும் வடிவமும் மாறுவது நோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம். மை அதை மறைத்துவிடும்.

நாள்தோறும் குளித்த பின் மணமற்ற ஈரப்பசைக் களிம்பைச் சிறிது தடவுதல், வெயிலில் மறைத்தல், தடிப்போ அரிப்போ புதிதாகத் தோன்றினால் காட்டுதல் ஆகிய இம்மூன்றும் ஆயுட்காலப் பராமரிப்பு. காந்தவியல் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. சோதனைக்குச் செல்லும்போது, பச்சை இருப்பதை முன்னதாகக் கூறிவிட வேண்டும். சில மைகளிலுள்ள இரும்பினால் அரிதாகச் சூடு உண்டாகலாம்.

நாம் குறிப்பிட்ட இளைஞர் மூன்று மாதம் பொறுத்திருந்தார். தோல் நன்கு ஆறியதென்று மருத்துவர் கூறிய பிறகு, அதே கலைஞரிடம் சென்று அந்த ஒரு புள்ளியை மட்டும் இட்டுக்கொண்டார். இம்முறை மஞ்சளும் இல்லை, நீச்சலும் இல்லை. ஒரு மாதம் தனித் துண்டும், முழுக்கைச் சட்டையும், கழுவிய கைகளுமாக இருந்தார். சென்ற வாரம் நம்மைக் காண வந்தவர், சட்டைக் கையை மடித்துக் காட்டினார். எழுத்து மூன்றும் தெளிவாக இருந்தன. புள்ளி தன் இடத்தில் இருந்தது.